லட்டுவுக்கு ஒரு வாசல்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஓடைப்புதூரில் நாலு ஏக்கர் தென்னையும் அதற்குள் ஊடுபயிராக வாழையும் வைத்திருக்கும் வெங்கடபதிக்கு, ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவர் அதைச் சாதாரண விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் பெயர் மலையடிவார விவசாயிகள் யானைத் தடுப்பு நலச் சங்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டுசாமி என்பவர் விடியற்காலையில் மோட்டார் போடப் போன இடத்தில் ஒற்றைக் கொம்பன் யானை அவரை மிதித்துக் கொன்றுவிட்டது. காரியம் முடிந்த அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்து இருபத்திமூன்று பேர் ஆரம்பித்த சங்கம் அது. அது செய்த வேலை இரண்டுதான். மலையோரமாக யானைத் தடுப்பு அகழி வெட்டித் தரச் சொல்லி வனத்துறைக்கு மாதம் ஒரு மனு அனுப்பும். அப்புறம் செல்போனில் ஒரு வாட்ஸப் குழு. யார் கண்ணில் யானை பட்டாலும் உடனே அதில் போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் பால் வண்டி இல்யாஸ். வீடு வீடாகப் பால் எடுக்க வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பி வருகிறவர். அவருக்கு நிலம் இல்லை. இருந்தாலும் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

"ரண்டு ஆனை. குட்டியோட. பள்ளத்துத் தோட்டம். ஆரும் வெளிய வராதீங்க."

அவ்வளவுதான் செய்தி. ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். யானை தின்றதைத் தின்றுவிட்டுப் போகும். எட்டு வருஷத்தில் இன்னொரு உயிர் போகவில்லை. அந்தச் சங்கம் அவ்வளவு ஒழுங்காக நடந்ததற்குக் காரணம், அதற்கு ஆதரவாளர்கள் என்று யாருமே இல்லாததுதான் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு சாயங்காலம் தாயும் குட்டியுமாக இரண்டு யானைகள் வெங்கடபதியின் தோப்புக்குள் வந்தன. குட்டி, சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கித் தன் தலைமேல் தண்ணீரைப் பீய்ச்சி விளையாடியது. மொட்டைமாடியில் நின்ற வெங்கடபதி, சேதத்துக்கு ஆதாரம் வேண்டுமே என்று நாற்பது விநாடி வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். சங்கத் தலைவர் பாக்கியராஜ் அதை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். ஒரு வாரத்தில் பதினான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். உடைந்து கிடந்த குழாயைப் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை.

பாக்கியராஜ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்தைந்து வருஷம் கைதட்டச் சொன்னால் கைதட்டுகிற கூட்டத்தின் முன்னால் பேசிப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கூட்டம் இல்லாமல் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தார். பதினான்கு லட்சம் என்ற எண் அவரை ஒரே நாளில் பத்து வயது இளையவராக்கியது. அடுத்த பொதுக்குழுவைக் கல்யாண மண்டபத்தில் கூட்டினார். கோயமுத்தூரிலிருந்து டீனா என்ற பெண்ணை அழைத்து வந்திருந்தார். சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆதரவாளர் ஈடுபாட்டு ஆலோசகர் என்று அவளை அறிமுகப்படுத்தினார்.

"நமது சங்கத்தில் உறுப்பினர்கள் எத்தனை பேர்?" என்று பாக்கியராஜ் மேடையிலிருந்து கேட்டார். "இருபத்திமூன்று! எட்டு ஆண்டுகளாக அதே இருபத்திமூன்று! வளர்ச்சி என்பதே இல்லை. ஏன்? சிந்தித்துப் பார்த்தேன். நம் ஊரில் இந்த எட்டு ஆண்டுகளில் ஒருவரும் சாகவில்லை. அதனால் புதிதாகச் சேர யாருக்கும் உற்சாகம் வரவில்லை. ஆனால் இன்றைக்கு நம் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஆதரவாளர்கள் எண்பத்தாறாயிரம் பேர்!"

கைதட்டல் எழுந்தது. வெங்கடபதியும் தட்டினார். அவர் எடுத்த வீடியோவாயிற்றே.

டீனா திரையில் படம் போட்டுக் காட்டினாள். "உறுப்பினருங்க இருபத்திமூணு பேரும் யானையப் பாத்தா பயப்படறாங்க. ஆதரவாளருங்க எண்பத்தாறாயிரம் பேரும் சந்தோசப்படறாங்க. மெஜாரிட்டி எந்தப் பக்கம்னு நீங்களே பாருங்க. நாம அவங்களத்தான் என்கேஜ் பண்ணணும். மொதல்ல நம்ம பேருல ஒரே ஒரு வார்த்தை நெகட்டிவா இருக்கு. அத மட்டும் எடுத்துட்டாப் போதும்."

'தடுப்பு' என்ற சொல் எடுக்கப்பட்டது. மலையடிவார விவசாயிகள் யானை நலச் சங்கம் என்று ஆயிற்று. ஒரு சொல்தானே, போனால் போகட்டும் என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

அந்த வாரமே யானைகளுக்குப் பெயர் வைக்க ஆதரவாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தாய்க்கு மகாராணி, குட்டிக்குப் பப்பு. கிட்டுசாமியை மிதித்துக் கொன்ற ஒற்றைக் கொம்பனுக்கு, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகள் பெற்று, லட்டு என்ற பெயர் அமைந்தது. கிட்டுசாமியின் மனைவிக்கு அந்த அறிவிப்பை அனுப்பி, வாழ்த்துப் பதிவிடும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. அவர் செல்போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. குழுவில் யாரும் நேரடியாக எதுவும் எழுதக்கூடாது, அது பக்குவப்படாத தகவல். யானையைப் பார்க்கிறவர் செல்போனில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். மொத்தம் ஒன்பது கேள்விகள். யானையின் பெயர் என்ன? வெளிச்சம் போதுமானதாக இருக்கிறதா? வீடியோ நிமிர்ந்த வாக்கில் எடுக்கப்பட்டதா, படுத்த வாக்கிலா? யானையின் மனநிலை என்ன? மனநிலைக்கு மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள்: மகிழ்ச்சி, விளையாட்டு, சிந்தனை. கோபம் என்ற விடை இல்லை. படிவம் டீனா அமைத்த பதிவுக் குழுவுக்குப் போகும். அவர்கள் திருத்தி, 'புகுந்தது' என்பதை 'வருகை தந்தது' என்றும், 'நாசம் செய்தது' என்பதை 'விருந்துண்டது' என்றும் மாற்றி, ஆதரவாளர்கள் அதிகமாகப் பார்க்கும் நேரமான மாலை ஏழரை மணிக்கு வெளியிடுவார்கள்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்த ஆனையப் பொழுதோட ஏழரைக்குச் சொன்னா என்னங்க பிரயோசனம்?" என்று இல்யாஸ் கேட்டார்.

டீனா பொறுமையாகப் பதில் சொன்னாள். "காலைல அஞ்சு மணிக்கு எத்தன பேரு பாப்பாங்க அண்ணா? நம்ம ஊர்க்காரங்க இருபது பேரு. ஏழரைக்குப் போட்டா முப்பதாயிரம் பேரு. எச்சரிக்கை எத்தன பேர போய்ச் சேந்ததுங்கறதுதானே முக்கியம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இல்யாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

ஐப்பசி மாத ஆய்வுக் கூட்டத்தில் பாக்கியராஜின் முகம் சரியில்லை. "மிகுந்த மனவருத்தத்துடன் சொல்கிறேன். சென்ற மாதம் யானை வருகை இரண்டே இரண்டு. நமது வீச்சு அறுபது சதவீதம் சரிந்துவிட்டது. நம் உறுப்பினர்களில் சிலருடைய தோட்டத்துக்கு ஆறு மாதமாக ஒரு யானைகூட வரவில்லை. பெயரைச் சொல்லி அவமானப்படுத்த நான் விரும்பவில்லை. ராமசாமி, ஆறுச்சாமி, நீங்கள் இருவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரும்பு வைத்தால் என்ன? பலா வைத்தால் என்ன? வெங்கடபதியைப் பாருங்கள்!"

வெங்கடபதியை மேடைக்கு அழைத்து 'சிறந்த விருந்தோம்பல் விவசாயி' என்ற சான்றிதழைக் கொடுத்தார்கள். அந்த மாதம் வந்த இரண்டு யானையும் அவர் தோப்புக்குத்தான் வந்திருந்தன. நூற்றுப்பத்து வாழை போயிருந்தது. சான்றிதழை எந்தப் பக்கம் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவரின் காதில் அடுத்த அறிவிப்பு விழுந்தது.

"கடைசியாக ஒரு செய்தி. நாம் எட்டு ஆண்டுகளாகக் கேட்டுவந்த அகழியை வெட்ட வனத்துறை ஒப்புதல் கொடுத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை எந்திரம் வருகிறது."

வெங்கடபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கைதட்டத் தொடங்கினார். மண்டபத்தில் அவர் கைச்சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"இது மிகவும் கவலைக்குரிய விஷயம்," என்றார் பாக்கியராஜ். "அகழி வெட்டினால் யானை வராது. யானை வராவிட்டால் நம் ஆதரவாளர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஆகவே ஈடுபாடு பழைய நிலைக்கு வரும்வரை அகழி வேலையைத் தள்ளிவைக்கக் கோருகிறோம்."

"நாம கேட்டதுதானுங்களே அகழி?" என்று வெங்கடபதி மேடையிலிருந்தே கேட்டார்.

"அது தடுப்புச் சங்கமா இருந்தப்போ கேட்டதுங்க," என்றார் பாக்கியராஜ்.

திங்கட்கிழமை எந்திரம் வரவில்லை. வெங்கடபதி பஸ் ஏறி வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி கோப்பைத் திருப்பிக் காட்டினார். அகழியைத் தள்ளிவைக்கக் கோரும் கடிதத்தில் இருபத்திமூன்று கையெழுத்தும் இருந்தன. எட்டாவது கையெழுத்து வெங்கடபதியுடையது. மண்டபத்தில் நுழையும்போது, காப்பிக்கு ஆள் எண்ணுகிறோம் என்று வாங்கிய கையெழுத்து அது.

கார்த்திகை பிறந்து நாலாவது நாள் அது நடந்தது. விடியற்காலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், வெங்கடபதியின் தோப்புக்கு மேற்கே பாதையோரத்தில் ஒற்றைக் கொம்பன் நிற்பதை இல்யாஸ் பார்த்தார். வண்டியின் விளக்கை அணைத்துவிட்டுப் படிவத்தைத் திறந்தார். பெயர் லட்டு. வெளிச்சம் போதாது. நிமிர்ந்த வாக்கா, படுத்த வாக்கா? வீடியோ எடுக்காமல் படிவம் நகராது என்பதால் வீடியோ எடுத்தார். மனநிலை என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். யானை காதை விரித்து மண்ணைக் காலால் வாரிக்கொண்டிருந்தது. அது மகிழ்ச்சியாகவும் தெரியவில்லை, விளையாட்டாகவும் தெரியவில்லை. கடைசியில் சிந்தனை என்பதை அமுக்கினார். 'உங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது.

அதே நேரத்தில் வெங்கடபதியின் மனைவி பங்காரம்மா பால் கறக்கச் சொம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போயிருந்தாள். புண்ணாக்கு வாசம் பிடித்து வந்த லட்டு, கொட்டகைத் தூணை முட்டியது. தகரக் கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. தகரத்துக்கடியில் அவள் இடது கால் மாட்டிக்கொண்டது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. போட்டால் திரும்பிவிடும் என்று தெரியும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு கை எட்டும் தூரத்தில் அந்தப் பெரிய கால் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே கிடந்தாள். யானை புண்ணாக்குத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வாழைக்குள் இறங்கிப் போகும்வரை அப்படியேதான் கிடந்தாள்.

தகரம் விழுந்த சத்தத்துக்கு எழுந்து, யானை விலகியதும் தட்டத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்த வெங்கடபதி பார்த்தபோது, அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, குழுவுல ஒண்ணுமே வரலீங்களா?"

இல்யாஸின் பால் வண்டியிலேயே அவளைப் படுக்கவைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. இரும்புத் தகடு வைத்துக் கட்டினார்கள். வழி நெடுக இல்யாஸ் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "நா போன் பண்ணியிருக்கோணுமுங்ணா. போன் பண்ணியிருக்கோணும். அந்தப் பாழாப்போன படிவத்த ரொப்பிட்டு நின்னுட்டேன்."

அன்று மாலை ஏழரை மணிக்கு, மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெங்கடபதியின் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. சங்கத்தின் பதிவு.

'இன்று அதிகாலை நம் லட்டு வருகை தந்தான்! ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறான். அப்படி என்னதான் யோசிக்கிறான்? கமெண்டில் சொல்லுங்கள், சிறந்த பதிலுக்குப் பரிசு!'

நாலாயிரம் பேர் சொல்லியிருந்தார்கள். காலைப் பலகாரம் பற்றி யோசிக்கிறான் என்றார் ஒருவர். காதலியைப் பற்றி என்றார் இன்னொருவர். வெங்கடபதி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமெண்ட் எழுதினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். 'அவன் என் சம்சாரத்தின் காலை உடைத்துவிட்டான்.'

முதலில் முன்னூறு பேர் அதற்குச் சிரித்தார்கள். போட்டிக்கு வந்த பதில் என்று நினைத்துவிட்டார்கள். உண்மை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. லட்டு நடமாடும் நேரத்தில் அந்த அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? தகரக் கூரையில் லட்டுவுக்குக் கீறல் பட்டதா? தகரம் விழுந்த சத்தத்தில் லட்டு எவ்வளவு மிரண்டிருப்பான், அவனுக்கு யார் ஆறுதல் சொல்வது? மறுநாள் காலைக்குள் 'லட்டுவுக்கு நீதி' என்று ஒரு இயக்கமே கிளம்பிவிட்டது. பெங்களூரில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் பாக்கியராஜும் டீனாவும் ஒரு பை சாத்துக்குடியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பாக்கியராஜ் கட்டிலருகே நின்று காலை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க. யார் மேல தப்புன்னு ஆராய வேண்டாம். ஆனா, உங்க அஜாக்கிரதையால நம்ம ஆதரவாளருங்க மனசு ரொம்பப் புண்பட்டுப் போச்சு. ரண்டு நாள்ல ஆறாயிரம் பேரு வெளிய போயிட்டாங்க. எட்டு வருசத்துல இந்தச் சங்கத்துக்கு இப்படியொரு உயிரிழப்பு ஏற்பட்டதே இல்ல."

"அதனால ஒரு சின்ன வீடியோ," என்றாள் டீனா. கையில் தட்டச்சு செய்த தாள் இருந்தது. "லட்டுகிட்ட நீங்க ரெண்டு பேரும் சாரி கேக்கற மாதிரி. ஒரு நிமிசம்தான் அங்கிள்."

பங்காரம்மா தலையணையில் இருந்து தலையைத் தூக்கினாள். "ஆனைகிட்ட மன்னிப்பா? ஏன் கண்ணு, அந்த ஆனைகிட்டப் போன் இருக்குதா?"

"லட்டுகிட்ட இல்லீங்க," என்றார் பாக்கியராஜ், பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "ஆதரவாளருங்ககிட்ட இருக்குது."

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெங்கடபதி தாளை வாங்கிப் படித்தார். அவருக்கு ஒரு யோசனை ஓடிற்று. தன் ஆயுளிலேயே சாமர்த்தியமான யோசனை என்று அப்போது அவருக்குப் பட்டது.

"நா பேசறனுங்க. ஆனா அகழி வெட்டறதுக்குச் சங்கம் தடை சொல்லாதுன்னு எழுதிக் கொடுங்க. வனத்துறைக்கு, இன்னிக்கே."

பாக்கியராஜ் டீனாவைப் பார்த்தார். டீனா செல்போனைப் பார்த்தாள். வெளியே போனவர்கள் ஆறாயிரத்து இருநூறு பேர் ஆகியிருந்தார்கள். "சரிங்க," என்றார் பாக்கியராஜ். அங்கேயே கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெங்கடபதி வராந்தாவில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படித்தார். "அன்புள்ள லட்டு, உன் அமைதியான சிந்தனையைக் கலைத்ததற்காக..." மூன்று முறை எடுத்தும் டீனாவுக்குத் திருப்தியில்லை. குரல் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும் என்றாள். நாலாவது முறை, உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தவள். குரல் உடைந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சூப்பர் அங்கிள்! இதுதான்!" என்றாள் டீனா.

இருபத்திரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். போன ஆறாயிரம் பேரும் திரும்பி வந்தார்கள், கூடவே நாற்பதாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு. எவ்வளவு நல்ல மனிதர், இவரல்லவோ விவசாயி என்று எழுதினார்கள். பங்காரம்மா எட்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வரும்போது காரில் வைத்து, "அகழி வருமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "வருது. நாளைக்கு எந்திரம் வருது," என்றார் அவர்.

எந்திரம் உண்மையிலேயே வந்தது. தெற்குக் கோடியிலிருந்து தொடங்கிற்று. ராமசாமி தோட்டம், ஆறுச்சாமி தோட்டம், பாக்கியராஜின் தோப்பு என்று வரிசையாக, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக, யானை தாண்ட முடியாத அகலத்துக்கு அகழி நீண்டுகொண்டே வந்தது. வெங்கடபதி வேலையை விட்டுவிட்டு இரண்டு நாளும் பின்னாலேயே நடந்தார். எந்திர ஓட்டுநர் முகமது ரியாஸுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை எந்திரம் அவருடைய எல்லைக்கு வந்து பாதிக் கரையை வெட்டிற்று. பிறகு அதன் கை மேலே உயர்ந்தது. எந்திரம் அப்படியே ஐந்து மீட்டர் நகர்ந்து போய், அந்தப் பக்கம் மறுபடி வெட்ட ஆரம்பித்தது.

"ஏனுங் தம்பி, இங்க உட்டுப்போட்டீங்களே?" என்று வெங்கடபதி கத்தினார்.

ரியாஸ் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. "எனக்குக் குடுத்த படத்துல அப்படித்தானுங்க இருக்குது. இந்த எடத்துல அஞ்சு மீட்டர் உடணுமாம். ஆதரவாளர் வாசல்னு போட்டிருக்குதுங்க."

வெங்கடபதி ஓட்டமும் நடையுமாகப் பாக்கியராஜின் வீட்டுக்குப் போனார். பாக்கியராஜ் சோபாவில் உட்கார்ந்து ஆதரவாளர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"தடை சொல்லக்கூடாதுன்னீங்க. சொன்னமுங்களா? சொல்லல. எடைவெளி உடச் சொன்னோம், அவ்வளவுதான். முழுசா அடைச்சா ஈடுபாடு என்னாகும்? எந்தத் தோட்டத்துல வாசல் வைக்கறதுன்னு ஆதரவாளருங்ககிட்டயே கேட்டோம். நா தலையிடவே இல்லீங்க. இருபத்திமூணு தோட்டத்துல உங்களுதுதான் ஜெயிச்சுது. எழுபத்தியோரு சதவீதம்! அந்த வீடியோவுல அழுதீங்க பாருங்க, அதுக்கு உழுந்த ஓட்டு. லட்டு வந்தா நல்லாப் பாத்துக்குவீங்கன்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை." இப்போதுதான் நிமிர்ந்தார். "நா கூட எதிர்பார்க்கலீங்க. என் தோப்புக்கு நாலே ஓட்டு. கொஞ்சம் வருத்தந்தான்."

வெங்கடபதிக்குப் பேச நிறைய இருந்தது. ஆனால் இந்த மனிதரிடம் எதைச் சொன்னாலும் அது நாளைக்கு மாலை ஏழரை மணிக்கு வேறு வார்த்தையில் வெளியே வரும் என்று தோன்றியது. திரும்பி நடந்தார்.

அவர் வருவதற்குள் இடைவெளியின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மேலே ஒரு கேமராவையும் சூரிய ஒளித் தகட்டையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்திமூன்று தோட்டத்துக்கு வருகிற யானையெல்லாம் இனி வருவதற்கு அந்த ஐந்து மீட்டர்தான் வழி. அதற்கு நேரே நூறு அடி தூரத்தில் பங்காரம்மா கால் நீட்டிப் படுத்திருந்த அறையின் ஜன்னல் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் அவர் மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டார்.

"எங்கீங்க?" என்றாள் பங்காரம்மா கட்டிலில் இருந்தபடி.

"வெட்டறதுக்கு."

"இந்த வயசுல ஆள் ஆழத்துக்கு வெட்டுவீங்களா?"

"இன்னிக்கு மொழங்கால் ஆழம் போதும்."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே அந்த இடத்தைப் பார்த்தாள். "மோர் எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய இல்யாஸ், வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேலே இறுகிய சுக்கான் மண், கீழே கல். கடப்பாரை போட்டுப் பெயர்த்துப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்குள் இருவருக்கும் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ராமசாமி வரப்பில் வந்து நின்று பார்த்தார். கம்பத்தின் மேலிருந்த கேமராவைப் பார்த்தார். ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போலத் திரும்பிப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு டீனாவிடமிருந்து போன் வந்தது. வெங்கடபதி மண் கையோடு அதை எடுத்துக் காதில் வைத்தார். சத்தம் போடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார்.

"அங்கிள், என்ன அங்கிள் இது, பயங்கரமா போயிட்டிருக்கு!" என்றாள் அவள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "லைவ்ல போகுது. பாதிப் பேரு உங்களத் திட்டறாங்க, பாதிப் பேரு அழறாங்க. இந்த மாதிரி என்கேஜ்மென்ட் நா பாத்ததே இல்ல. தயவுசெஞ்சு நிறுத்திராதீங்க. ஆனா கொஞ்சம் மெதுவா வெட்டுங்க அங்கிள். அஞ்சாறு நாளைக்கு வந்தா நல்லாருக்கும். லட்டு நடுவுல வந்தான்னா இன்னும்..."

அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

வெங்கடபதி மண்வெட்டியை ஊன்றி நின்றார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

"எத்தன பேரு பாக்கறாங்க அம்மணி?"

"இப்ப பதினெட்டாயிரம் பேருங்க."

"அதுல ஒரு பத்துப் பேர மம்பட்டி எடுத்துட்டு வரச் சொல்லு கண்ணு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுப்போடலாம்."

வேறு யாரோ பேசுவது போன்ற தாழ்ந்த குரலில், "தலைவர்கிட்டக் கேட்டுச் சொல்றேங்க" என்றாள் டீனா.

"கேளு," என்று சொல்லிவிட்டு அவர் போனைக் கரையில் வைத்தார். இல்யாஸ் கடப்பாரையால் நெம்பிவிட்ட கல்லை இரண்டு கையாலும் தூக்கி வெளியே போட்டார்.